சுற்றுக்கல் மோதிரம்

ரேகா முதன்முறை எங்கள் கடைக்கு வந்தபோது இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டே பேசினாள். முப்பது வருடமாக நகைக்கடையில் உட்கார்ந்திருப்பவள் நான். கையை மறைத்து நிற்கிறவர்களைக் கண்டால் கண் தானாகவே அங்கே போய்விடும். அவள் அதைக் கவனித்துவிட்டாள். சட்டென்று கைகளை வெளியே எடுத்து நீட்டி, "திருட வர்லக்கா. காசிமேட்லர்ந்து நேரா வரேன். கை கவுச்சி அடிக்கும், அத்தான் மூடிகினு கீறேன்," என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "மொதல்ல உக்காரும்மா," என்று அதட்டி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கடை திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போர்டில் என் அண்ணன் ஆன்றோவின் பெயர். கடையை நடத்துவது ரெஜினாவாகிய நான். இதை அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டான், கேட்டால் "நீ வாயை நடத்துத, நான் கடையை நடத்துதேன்" என்பான். சாத்தான்குளத்திலிருந்து வந்து இங்கே வேர்விட்ட குடும்பம். எங்களிடம் நகை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள். அவர்களிடம் பேரம் பேசி என் தொண்டையும் அவர்கள் தொண்டை மாதிரியே ஆகிவிட்டது.

ரேகாவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. திருவொற்றியூர் குப்பத்தில் வீடு, காசிமேடு துறைமுகத்தில் மீன் வெட்டும் வேலை. ஏலத்தில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இவளிடம் கொடுத்தால் செதில் எடுத்து, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவாள். வேறு வழி இல்லாமல் வந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். பி.காம் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குப் போனாள். ஆறு மாதம் ஏசியில் உட்கார்ந்தாள். அந்தச் சமயம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். காசிமேட்டில் அம்மா உட்காரும் இடத்தை வேறு யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு வாரத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்த லீவு பதினாலு வருடமாக நீண்டுவிட்டது. "அந்த பில்லு மிஷின்ல நான் குந்தினாலும் ஒண்ணுதான், வேற யாரு குந்தினாலும் ஒண்ணுதான். இங்க அப்டி இல்லக்கா. ரேகா வர்லயான்னு கேட்டுட்டு, மீன தூக்கிகினு திரும்பிப் போறவன் கீறான்," என்பாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கல்யாணம் அவளுக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தம்பிகள் இருவருக்கும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் தீபன் வந்தான். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், நெட்டுக்குப்பத்துப் பையன், ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் வாங்கிக்கொண்டு வந்து இவளிடம் வெட்டக் கொடுப்பான். நெட்டுக்குப்பம் மாதிரி மீனவர் ஊரில் பிறந்தவன், வெளியே வெட்டிய மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது கொஞ்சம் அசிங்கமான விஷயம்தான். ஆனால் அவன் அம்மா கன்னியம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி, கத்தி பிடிக்க முடியாது. மூன்றாவது ஞாயிறு அந்த அம்மா துண்டுகளைத் தட்டில் பரப்பி வைத்து, "யார்ரா வெட்னது? அல்லாம் ஒரே கனமா ஒயுங்கா கீதே," என்று கேட்டிருக்கிறாள். தீபன் அதை அப்படியே ரேகாவிடம் வந்து சொன்னான். அவனுக்கு வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை, பாவம்.

அவர்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு மோதிரம் எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். பெண் வந்து தேர்ந்தெடுக்கும் வழக்கம் கிடையாது. தீபன்தான் அளவு கொடுக்கும் சாக்கில் அவளை முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தான். வைரம் என்று அவனே முடிவுசெய்துவிட்டான். அவன் வேலை செய்யும் யார்டில் கான்கிரீட் தரையை அறுக்கும் சக்கரத்தில் வைரத்தூள் இருக்குமாம், அது எதை அறுத்தாலும் தேயாதாம். அதனால் வைரம் வாங்கிவிட்டால் அவள் எதை வெட்டினாலும் கவலை இல்லை என்பது அவன் கணக்கு.

"கல்லு தேயாது, அது வாஸ்தவம். கல்லைப் பிடிச்சிக்கிட்டிருக்கிற தங்கம் தேயுமே," என்றேன்.

"அத்தான் ஒங்கள்ட்ட கேக்க வந்தேன். வேல செய்ற நேரத்துல கயட்டவே வேணாத மோதிரம் எதுனா கீதாக்கா?"

இப்படிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் எது போட்டோவில் பளிச்சென்று தெரியும் என்று கேட்பார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது, இருக்கிற தட்டுகளை எல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். ஒற்றைக்கல் மோதிரத்தை முதலில் போட்டுப் பார்த்தாள். இடது கைதான் மீனை அழுத்திப் பிடிக்கும் கை, அதில்தான் மோதிரம் வரப்போகிறது. மேஜையில் கிடந்த என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மீனாக நினைத்துப் பிடித்துக் காட்டினாள். அவள் விரலில் நடு முட்டி தடித்திருந்தது, அடி விரல் ஒல்லி. முட்டியைத் தாண்டி இறங்கிய மோதிரம் கீழே லொடலொடவென்று சுற்றிக் கல்லு உள்ளங்கைப் பக்கம் போய்விட்டது. "இது சொம்மா சொம்மா ஒளிஞ்சிகினு விளையாடுதே," என்று கழற்றி வைத்தாள்.

அப்போதுதான் சுற்றுக்கல் மோதிரத்தை எடுத்தேன். கேட்டலாக்கில் அதற்கு எடர்னிட்டி பேண்ட் என்று பெயர் போட்டிருப்பார்கள். விரலைச் சுற்றி முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்ன வைரம். எந்தப் பக்கம் சுற்றினாலும் மேலே கல்லுதான் இருக்கும். அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அதிலும் இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு கல்லையும் சின்னச் சின்னக் கொக்கிகள் பிடித்திருக்கும், வெளிச்சம் உள்ளே போய் நன்றாக மின்னும். அதைத் தடவிப் பார்த்தவள் உடனே கையை எடுத்தாள். "செதிலு மாட்டும். சுறா தோலு பட்டா இந்தக் கொக்கி ஒரு மாசம் தாங்காது. அது அரம்க்கா, தோலு இல்ல," என்றாள். இரண்டாவது வகையில் கொக்கியே கிடையாது. இரண்டு பக்கமும் தங்கத்தால் சுவர் எழுப்பி நடுவில் வாய்க்கால் மாதிரி விட்டு, அதற்குள் கல்லை வரிசையாக இறக்கிவிடுவார்கள். கல்லு சுவரைவிட உயரமாக இருக்காது. உரசல் எல்லாம் சுவரோடு போய்விடும். மினுமினுப்பு கொஞ்சம் கம்மி, ஆயுசு அதிகம்.

"இத்தான்," என்றாள். வேறு எதையும் பார்க்கவில்லை.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். இருபத்திரண்டு காரட் தங்கம் மெத்தென்று இருக்கும், கல்லை இறுக்கிப் பிடிக்காது, அதனால் பதினெட்டு காரட்டில்தான் செய்ய வேண்டும். சுவரை வழக்கத்தைவிடக் கனமாக வைக்கச் சொல்லலாம். கல்லுக்கு அடியில் அழுக்குச் சேரும், வாரத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தால் கல்லு ஆடுகிறதா என்று பார்த்துத் தருவேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம். சாதா மோதிரத்தை அடியில் வெட்டிப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். இதில் சுற்றிலும் கல்லு, வெட்ட இடமே கிடையாது. அளவு தப்பினால் திரும்பவும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு அளவு வளையங்களை எடுத்து அவள் விரலில் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்றாம் நம்பர் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆர்டர் அட்டையில் நம்பரை எழுதி, பக்கத்தில் என் வழக்கப்படி நேரத்தையும் எழுதினேன், காலை ஒன்பது நாற்பது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் அங்கேதான் கோட்டை விட்டேன்.

நாலு நாள் கழித்து தீபன் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தான். கன்னியம்மா அறுபதைத் தாண்டிய, கறுத்து உயர்ந்த பெண்மணி. முப்பது வருடம் எண்ணூர்ப் பக்கம் தெருத்தெருவாகக் கூடையில் மீன் விற்றவள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஒரு பூ மோதிரத்தைக் காட்டி எடுக்கச் சொன்னாள். நடுவில் ஒரு கல்லு, சுற்றி ஏழு கல்லு, இரண்டு விரல் அகலத்தில், மேலே உயரமாக நிற்கிற மோதிரம். அதைப் போட்டுக்கொண்டு சோறு பிசையக்கூட முடியாது.

"இத போட்டா அவ கத்திய தொட முடியாதுல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"முடியாதும்மா."

"அத்தான் வோணும். குப்பத்துல அல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன், என் வூட்டுக்கு வர்ற மருமவ மீன கைல தொட மாட்டான்னு."

அந்தப் பெண் கழற்றவே வேண்டாத மோதிரம் கேட்கிறாள், இந்தம்மா வேலையைக் கழற்றி வைப்பதற்கென்றே மோதிரம் கேட்கிறாள். தீபனைப் பார்த்தேன். அவன் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த வெள்ளிக் கொலுசுகளை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "யம்மா, அது பழைய மாடலு. இப்ப அல்லாம் இத்தான் போட்றாங்க," என்று சுற்றுக்கல் மோதிரத்தைக் காட்டினான். மருமகள் வேலையை விடப்போவதில்லை என்று அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. "கண்ணாலம் முடிட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்று தனக்குள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், ஆனால் சண்டையைக் கண்டால் ஓடி ஒளிகிற ஜாதி. எனக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

கன்னியம்மா சுற்றுக்கல் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினெட்டு காரட் என்றதும் முகம் சுருங்கியது. "மாத்து கம்மி தங்கத்தயா என் மருமவளுக்கு போட சொல்ற?" என்று என்மேல் பாய்ந்தாள். நானும் விடவில்லை. மட்டமான தங்கத்தை உங்கள் தலையில் கட்டி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, கல்லு விழாமல் இருக்க வேண்டுமானால் இதுதான், பதினெட்டு காரட்டுக்கு முத்திரையில் எழுநூற்று ஐம்பது என்று போட்டிருக்கும், வேறு எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சத்தம் போட்டுப் பேசினால் அந்தம்மாவுக்கு நம்பிக்கை வரும் போலிருக்கிறது. ஒப்புக்கொண்டாள். விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு பீரோவில் வைக்கப்போகிற மோதிரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. வியாபாரம் என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் அது கோழைத்தனம். தீபனைத் திட்டுகிற நானும் அன்றைக்கு அதையேதான் செய்தேன்.

சௌகார்பேட்டையில் கல்லு பதிக்கும் பரசுராமன் மூன்று வாரத்தில் மோதிரத்தை முடித்துக் கொடுத்தார். இருபத்தாறு கல்லு, ஒன்றுகூடக் கோணவில்லை. நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேகா, தீபன், கன்னியம்மா மூவரும் வந்தார்கள். விசேஷம் என்று ரேகா இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை, புதுச் சுடிதார் போட்டு வந்திருந்தாள்.

மோதிரத்தை எடுத்து அவள் விரலில் நுழைத்தேன். முட்டியில் போய் நின்றுவிட்டது.

திருப்பிப் பார்த்தேன், சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். முட்டி சிவந்ததுதான் மிச்சம். அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து அட்டையைப் பார்த்தான். "பதிமூணுன்னு நீதான எழுதியிருக்க?" என்றான். நான்தான் எழுதியிருந்தேன். ஒரு நிமிடம் பரசுராமன்மேல் பழியைப் போடலாமா என்றுகூட நினைத்தேன். அளவுக் கம்பியில் மோதிரத்தை மாட்டிப் பார்த்தால் சரியாகப் பதின்மூன்றில் நின்றது. அவர்மேல் தப்பில்லை.

ரேகா அட்டையை வாங்கிப் பார்த்தாள். "காலைல ஒம்போது நாப்பது," என்று வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, அன்னிக்கி நான் ஐஸ்லர்ந்து நேரா எய்ந்து வந்தேன். நாலு மணிலர்ந்து ஐஸ்ல கை வெச்சிகினு இருந்தேன். அந்த நேரத்துல வெரலு சுருங்கி கெடக்கும். இது ஐஸ் கைக்கு எட்த்த அளவு."

முப்பது வருடம். இந்தக் கடற்கரையில் முப்பது வருடம் உட்கார்ந்து, மீன்காரப் பெண்களின் கைகளுக்கு நூற்றுக்கணக்கில் மோதிரம் அளந்திருக்கிறேன். ஒருத்தியையும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதில்லை. சாதா மோதிரம் என்றால் எப்படியாவது தட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுவோம், அதனால் என் தப்பு எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

கன்னியம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். "உடு. அந்தப் பூ மோதிரத்த எடு. அத பெர்சு பண்ணலாம்ல?"

"ஒரு மணி நேரத்துல பண்ணிடலாம்," என்றான் அண்ணன், என்னை முந்திக்கொண்டு.

"பண்ணு. இன்மே அவ ஐஸ்ல கை வெக்கப் போறதில்ல. அப்பால இன்னாத்துக்கு இந்தக் கணக்கு அல்லாம்?"

ரேகா தீபனைப் பார்த்தாள். கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் போனை எடுத்து அதில் இல்லாத எதையோ தேடினான். அவள் முகத்தில் ஏதோ முடிவானது எனக்குத் தெரிந்தது. மோதிரத்தைத் தட்டில் வைத்தாள்.

"வெப்பேன் அத்த," என்றாள்.

"இன்னாது?"

"ஐஸ்ல கை வெப்பேன். கண்ணாலத்துக்கு அப்பாலயும் நான் மீன் வெட்டுவேன். இவரு ஒங்கள்ட்ட சொல்லிட்டாருன்னுதான் நென்ச்சேன். சொல்லலன்னு இப்பத்தான் தெரியுது. அந்தப் பூ மோதிரம் எனக்கு வேணாம். அத போட்டாத்தான் ஒங்க வூட்டுக்கு வர முடியும்னா, இன்னிக்கே சொல்லிடுங்க. மண்டபத்துல சொல்லாதீங்க."

தீபனுக்கு வியர்த்துவிட்டது. "யம்மா…" என்று தொடங்கினான். "நீ இரு," என்று கன்னியம்மா அவனை அடக்கினாள். தன் இரண்டு கைகளையும் எடுத்து கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். நான் அதுவரை அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கோணியிருந்தன. இரண்டு விரலில் நகமே இல்லை. உப்பும் ஐஸும் தின்ற தோல் வெடித்து வெடித்து ஆறியிருந்தது.

"இத பாத்துகினுதான் சொல்றேன். ராத்திரில தலமுடிய கூட கட்ட முடியல என்னால. எனுக்கு வந்த பொண்ணுக்கும் இப்டி ஆவணுமா? ஊர்ல பெரும பேசவா நான் சொன்னேன்னு நென்ச்சிகினு கீற?" அதுவரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரேகா அந்தக் கைகளைத் தொட்டாள். "நீ வேற வழி இல்லாம செஞ்ச அத்த. மாமா போய்ட்டாரு, புள்ளய காப்பாத்தணும், மழையிலயும் வெயில்லயும் அலஞ்ச. எனுக்கு வேற வழி கீது. ஏசி ரூம்ல வேல கீது. அத பாத்துட்டுத்தான் இங்க வந்து குந்திகினு கீறேன். எனுக்கு இது புடிக்கும். வலிச்சா நிறுத்திடுவேன். ஆனா வலிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்த சொல்லாத."

கன்னியம்மா தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. எழுந்து போய்விடப் போகிறாள், நிச்சயம் நின்றுவிடப் போகிறது, எல்லாம் என் கை அளந்த அளவால் என்று நினைத்தேன். மாதாவே, இந்தப் பெண் கல்யாணம் என்னால் கெட வேண்டாம் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் அவள் திரும்பி என்னைத்தான் கேட்டாள். "இப்ப அளந்தா இன்னா நம்பர் வருது?"

அளந்தேன். பதினாறு வந்தது.

"பதினாறு போட்டா காலைல ஐஸ்ல கயண்டு மீன் கொடலோட போய்டும். பதிமூணு போட்டா சாய்ங்காலம் வெரலு வீங்கி ஆஸ்பத்திரில போய் அறுக்கணும். எனுக்கு அறுத்தாங்க, தெரியும்." வாசல் பக்கம் கை காட்டினாள். "டேய் தீபா, பக்கத்து ஜூஸ் கடைல போய் ஐஸ் வாங்கினு வா."

அவன் ஓடினான். இந்த ஒரு மாதத்தில் அவன் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான். அண்ணனின் டிபன் பாக்ஸ் கழுவும் பேசினில் ஐஸைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ரேகா இடது கையை உள்ளே வைத்தாள். பதினைந்து நிமிடம் வைக்கச் சொன்னாள் கன்னியம்மா. ரேகாவுக்குக் குளிரே உறைக்கவில்லை, காலை நீட்டி உட்கார்ந்து மண்டபத்தில் என்ன சமையல் என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன்.

ஐஸ் கையில் பதினாறு முட்டியைத் தாண்டித் தானாக வழுக்கி வந்தது. பதினைந்தைப் போட்டேன். கன்னியம்மா என் கையைத் தள்ளிவிட்டு, தன் கோணல் விரல்களால் அந்த வளையத்தைப் பிடித்து இழுத்தாள். கையை உதறச் சொன்னாள், தண்ணீருக்குள் விட்டு அலசச் சொன்னாள். வளையம் முட்டியில் தட்டி நின்றது. பிறகு கையைத் துண்டால் துடைத்து, தன் மடியில் வைத்துக்கொண்டு, சூடு வரும்வரை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றச் சொன்னாள். திருகினால் கழன்றது.

"பதினஞ்சு. எய்திக்க," என்றாள் என்னிடம். "சொவரு இன்னும் கனமா வெக்க சொல்லு. சுறா வெட்றவ."

நான் எழுதினேன். கண்ணில் தண்ணீர் வந்ததால் எழுத்து கோணிப்போயிற்று. பரசுராமனுக்குப் போன் செய்தேன். இருக்கிற கல்லுகளையே எடுத்து, கூட இரண்டு கல்லு சேர்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றார். தப்பு எங்களுடையது, செலவும் எங்களுடையது என்று அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அது எனக்கு ஓய்வாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. இந்தச் சின்ன மோதிரத்தையே அன்றைக்குப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை திருப்பித் தருகிறோம் என்றான் தீபன். எந்த விரலில் என்று யாரும் கேட்கவில்லை.

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குப்பத்துக்குப் பக்கத்தில் சின்ன மண்டபம், வாசலில் வாழைமரம், உள்ளே இரைச்சல். நெட்டுக்குப்பத்திலிருந்து மூன்று வேனில் ஆட்கள் வந்திருந்தார்கள். கன்னியம்மாவின் அக்கா, தங்கை, உறவுக்காரர்கள் எல்லாம் முதல் இரண்டு வரிசையில். மருமகள் மீனைத் தொட மாட்டாள் என்று இத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான்.

தீபன் மோதிரத்தை எடுத்தான். ரேகாவின் இடது கையைப் பிடித்து, மோதிர விரலைத் தாண்டிச் சுண்டு விரலில் போட்டான். அங்கே அது சரியாக உட்கார்ந்தது. முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. கன்னியம்மாவின் அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "இன்னாடி கன்னியம்மா இது, சுண்டு வெரல்ல போட்றான்? மோதரம் பத்தலியா? அளவு கூட தெரியாமயா வாங்கினு வந்தீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நகைக்கடைக்காரி தப்பு பண்ணிவிட்டாள் என்று சொல்வாள், சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ரேகாவும் தலையைக் குனிந்திருந்தாள்.

"பத்தல," என்றாள் கன்னியம்மா, மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில். தெருத்தெருவாக மீன் கூவி விற்ற குரல். "காசிமேட்ல ஐஸ்லர்ந்து கைய எட்துகினு வந்து அளவு குட்த்தா. என் மருமவ மீன் வெட்றவ. நாளிக்கும் வெட்டுவா. அந்தக் கைக்கு ஏத்த மோதரம் செய்ய குட்த்து கீறேன், வந்ததும் கூப்ட்டு காட்றேன். நீ குந்து."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். யாரோ தாம்பூலத் தட்டை நகர்த்தினார்கள், பேச்சு மறுபடி தொடங்கியது. ரேகா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்குக் கடையில் அத்தனை பேசியும் ஒரு சொட்டு விடாதவள், மேடையில் எல்லோர் முன்னாலும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். கண்ணைத் துடைக்க அவள் கையைத் தூக்கியபோது கன்னியம்மா அதைப் பிடித்து இறக்கிவிட்டு, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.